பிள்ளை கழுத்துல இருக்கறது அழுக்கு இல்லைங்க



பதிவு கொஞ்சம் நீளம். வேலை முடிஞ்சு எம்ஆர்டியில வீட்டுக்குப் போகும்போது படிச்சாப் போதும். அன்னதானம், தேவார வகுப்பு, தைப்பூசப் பந்தல்னு நம்ம கோவில் வேலைகள்ல கைகொடுக்கிற எல்லாரும் படிக்கணும். வீட்டுல சின்னப் பிள்ளைங்க, பேரப் பிள்ளைங்க இருக்கிறவங்க அவசியம் படிக்கணும்.

நான் டாக்டர் இல்லை. துவாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில சூப்பர்வைசர். உயர்நிலைப் பள்ளியோட படிப்பு முடிஞ்சது. ஆனா ஞாயிற்றுக்கிழமை அன்னதான வரிசையில கரண்டி பிடிச்சு நிக்கிறவன். தட்டை நீட்டுற பிள்ளைங்களை மேலே இருந்து பார்க்கிறேன். அப்படிப் பார்க்கும்போது முதல்ல கண்ணுல படறது கழுத்துதான். நல்லா சதை போட்ட சில பிள்ளைங்களுக்குப் பின்கழுத்துல கறுப்பா, வெல்வெட் துணி மாதிரி, ஒரு பட்டை இருக்கும். அம்மாமார்கள் அதை அழுக்குன்னு நினைக்கிறாங்க. பயத்தமாவு போட்டுத் தேய்க்கிறாங்க, எலுமிச்சம்பழம் தேய்க்கிறாங்க. "ஒழுங்கா குளிக்க மாட்டேங்குது"ன்னு பிள்ளைக்குத் திட்டும் விழுது. போன மாசம் ஒரு அக்கா, சாமி சன்னதிக்கு முன்னாடியே ஈர டிஷ்யூ எடுத்து மகன் கழுத்தைத் தேய்ச்சாங்க. தோல் சிவந்ததுதான் மிச்சம்.

அது அழுக்கே இல்லைங்க. டாக்டர்கள் அதுக்கு அகான்தோசிஸ் நைக்ரிகன்ஸ்னு பேர் சொல்றாங்க. அக்குள்ல, விரல் முட்டியிலயும் வரும். எடை கூடுன பிள்ளைக்கு இது வந்தா, பெரும்பாலும் ரத்தத்துல இன்சுலின் அளவுக்கு மேல ஓடுதுன்னு அர்த்தம். கழுத்து கறுத்த எல்லாப் பிள்ளைக்கும் இனிப்பு நீர் இருக்குன்னு நான் சொல்லலை, பயப்படவும் வேண்டாம். ஆனா தேய்க்கிறதை நிறுத்திட்டு ஒரு தடவை பாலிகிளினிக்குக்குக் கூட்டிப் போங்க.

இன்சுலின் கதையை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். எங்க தொழிற்சாலையில புதுசா வந்த ஒரு சூப்பர்வைசர் எதுக்கெடுத்தாலும் கத்துவார். முதல் மாசம் ஆட்கள் பயந்து ஓடினாங்க. ரெண்டாவது மாசம் யாரும் காதுல வாங்கலை. அவர் இன்னும் சத்தமா கத்தினார். கடைசியில தொண்டை கட்டிப் போச்சு, லைனும் நின்னு போச்சு. உடம்புல இன்சுலின்தான் சூப்பர்வைசர். சர்க்கரையை உள்ளே எடுத்துக்கோன்னு ஒவ்வொரு செல்லுக்கும் சொல்றது அதோட வேலை. கொழுப்பு சேரச் சேர, அதுவும் வயித்துக்குள்ள, ஈரல்ல சேரச் சேர, செல்லுங்க காது கேக்காத மாதிரி ஆயிடுது. கணையம் இன்னும் அதிகமா இன்சுலின் விடுது. கழுத்து கறுக்கிறது இந்தக் கத்தல் நடக்கிற காலம். இந்தக் காலத்துல ரத்தத்துல சர்க்கரை அளவு பெரும்பாலும் நார்மலாத்தான் இருக்கும். கணையம் களைச்சுப் போன பிறகுதான் சர்க்கரை ஏறும். அதனால கழுத்து கறுக்கும்போதே கவனிச்சா நமக்கு நேரம் இருக்கு.

இது இந்தியப் பிள்ளைங்களுக்கு ஏன் கூடுதல் ஆபத்து? புனேயில யாஜ்னிக்னு ஒரு டாக்டர் பல வருஷமா தாய்மார்களையும் குழந்தைகளையும் ஆராய்ச்சி பண்றவர். அவர் 2004-ல லண்டன் டாக்டர் யுட்கினோட சேர்ந்து லான்செட் மருத்துவ இதழ்ல ஒரு படம் போட்டார். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிக்கிறாங்க. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ ஒரே அளவு, 22.3. ஆனா உடம்புல கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு! பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. அதே யாஜ்னிக் குழு பிறந்த குழந்தைகளையும் அளந்து பார்த்திருக்கு. புனே குழந்தை சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தை 3.5 கிலோ. நம்ம குழந்தை எடை குறைவு, ஆனா தசையிலதான் ரொம்பக் குறைவு, கொழுப்பு அந்த அளவுக்குக் குறையலை. அதாவது பிறக்கும்போதே நாம அப்படித்தான் வர்றோம். அந்த உடம்புல மேற்கொண்டு எடை ஏத்தினா, சீனப் பிள்ளைக்கோ வெள்ளைக்காரப் பிள்ளைக்கோ தாங்குற எடை நம்ம பிள்ளைக்குத் தாங்காது.

நம்ம ஊர்க் கணக்கு இன்னும் கடுமை. 2017 தேசிய தினப் பேரணியில அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் பாலர் பள்ளியோடயும் ஸ்மார்ட் நேஷனோடயும் சேர்த்து இனிப்பு நீரைப் பத்தியும் பேசினது ஞாபகம் இருக்கும். 60 வயசுக்கு மேல உள்ள சிங்கப்பூரர்கள்ல 10 பேருக்கு 3 பேருக்கு அந்த நோய். இந்தியர்கள்ல மட்டும் எடுத்தா 10 பேருக்கு 6 பேர். நம்ம கோவில்ல காலையில முன்வரிசையில உட்கார்ந்திருக்கிற தாத்தா பாட்டிகளை எண்ணிப் பாருங்க, கணக்கு சரியா வரும். அது பெரியவங்க கணக்கு. பிள்ளைங்க பக்கம், பள்ளி மாணவர்கள்ல எடை கூடுனவங்க 2017-ல 13 விழுக்காடு, 2021-ல 16 விழுக்காடுன்னு சுகாதார அமைச்சு சொல்லியிருக்கு. கோவிட் காலத்துல வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்ததும் சேர்ந்துடுச்சு.

"சின்ன வயசுல சதை போடட்டும், வளர்ந்தா உயரத்துல போயிடும்"னு பாட்டிகள் சொல்றது காதுல கேக்குது. அப்படிப் போற பிள்ளைங்களும் உண்டு. போகாத பிள்ளைங்களுக்கு என்ன ஆகும்னு அமெரிக்காவுல பார்த்திருக்காங்க. டுடே ஆய்வுன்னு பேர். பத்து வயசுலருந்து பதினேழு வயசுக்குள்ள இரண்டாம் வகை இனிப்பு நீர் வந்த பிள்ளைங்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனிச்சு, 2021-ல முடிவை வெளியிட்டாங்க. அந்தப் பிள்ளைங்களுக்குச் சராசரியா 26 வயசு ஆகும்போது, 100-ல 60 பேருக்குக் கண்ணோ சிறுநீரகமோ நரம்போ ஏதோ ஒண்ணாவது கெட்டுப் போயிருந்துச்சு. 26 வயசுங்க! நம்ம வீட்டுப் பையன் தேசிய சேவை முடிச்சு, படிச்சு முடிச்சு, முதல் சம்பளம் வாங்கி அம்மனுக்குப் புடவை சாத்த வர்ற வயசு. டயாலிசிஸ் நிலையத்துல நான் பார்த்தது எல்லாம் என் அப்பா வயசுக்காரங்க. அடுத்த தலைமுறையில அந்த நாற்காலியில யார் உட்காருவாங்கங்கிறதுதான் எனக்குத் தூக்கம் வராத விஷயம்.

இனிப்பு நீரோட முடியலை. ஈரல்ல கொழுப்பு படியுது, சாராயம் ஒரு சொட்டு தொடாத பத்து வயசுப் பிள்ளைக்கு. ரத்த அழுத்தம் ஏறுது. ராத்திரி குறட்டை விட்டு மூச்சு நின்னு நின்னு வருது. மறுநாள் வகுப்புல தூங்கி விழுந்தா ஆசிரியர் சோம்பேறின்னு நினைக்கிறார். பெண் பிள்ளைங்க சீக்கிரம் வயசுக்கு வர்றாங்க, பிறகு மாதவிடாய் ஒழுங்கா வராம நீர்க்கட்டிப் பிரச்சினை. இடுப்பு எலும்பு, முழங்கால் இதுங்களும் பாரம் தாங்காது. இடுப்புல வர்ற ஒரு கோளாறு ரொம்பப் பேருக்குத் தெரியாது: தொடை எலும்போட தலைப்பகுதி வழுகிப் போகும். பிள்ளை முழங்கால் வலிக்குதுன்னு நொண்டும், நாம தைலம் தேய்ச்சுக்கிட்டு இருப்போம். எடை கூடுன பிள்ளை ரெண்டு நாளா நொண்டினா தைலத்தை நம்பாதீங்க, எக்ஸ்ரே எடுக்கணும்.

இவ்வளவும் சொல்லிட்டு, அடுத்ததா நான் சொல்லப் போறது சிலருக்குப் பிடிக்காது. தயவு செஞ்சு எந்தப் பிள்ளையையும் கோவில்ல "குண்டு"ன்னு கூப்பிடாதீங்க. "யேய் குண்டுப் பையா, உனக்கு ரெண்டு வடையா"ன்னு வரிசையில பத்து பேர் முன்னாடி கேக்கிறவங்க, அது அக்கறைன்னு நினைச்சுக்கிறாங்க.

இந்த ஊர் அதை ஒரு தடவை செஞ்சு பார்த்துடுச்சு. 1992-ல பள்ளிகள்ல டிரிம் அண்ட் ஃபிட் திட்டம் வந்துச்சு. சுருக்கமா டாஃப். எடை கூடுன பிள்ளைங்களைத் தனியாப் பிரிச்சு, கூடுதல் உடற்பயிற்சி கொடுத்தாங்க. எண்ணிக்கை குறைஞ்சது உண்மை. 1992-ல 14 விழுக்காடு, 2006-ல 9.5 விழுக்காடு. ஆனா அந்த ஆங்கில எழுத்துங்களைத் திருப்பிப் படிச்சா என்ன வருதுன்னு முதல் நாளே பிள்ளைங்க கண்டுபிடிச்சுட்டாங்க. என் அக்கா மகன் அந்தக் கூட்டத்துல இருந்தவன். எந்தப் பள்ளின்னு இப்ப வேண்டாம். இடைவேளையில மத்த பிள்ளைங்க கேன்டீன்ல மீ சாப்பிடும்போது இவன் திடலைச் சுத்தி ஓடுவான், ஜன்னல்லருந்து மத்தவங்க பேர் சொல்லிக் கத்துவாங்க. அவன் எடை அந்த வருஷம் குறைஞ்சது, நல்ல பேர் வாங்கினான். இன்னிக்கு அவனுக்கு நாற்பது வயசு, எடை பழையபடி. கல்யாண வீட்டுல நாலு பேரோட உட்கார்ந்து சாப்பிட மாட்டான், பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டு போயிடுவான். 2007-ல கல்வி அமைச்சே அந்தத் திட்டத்தை முடிச்சுட்டு, எல்லா மாணவருக்கும் பொதுவான சுகாதாரத் திட்டத்துக்கு மாறிடுச்சு. நல்ல முடிவுன்னு நான் சொல்வேன். விழுக்காடு மறுபடி ஏறினதைக் காட்டி "டாஃப் திரும்ப வரணும்"னு கோப்பிக்கடையில பேசுறவங்க இருக்காங்க. நான் ஒத்துக்க மாட்டேன். தொழிற்சாலையில ஒரு மெஷின் சூடானா அதுமேல சிவப்பு அட்டை மாட்டிட்டுப் போறது சுலபம். எண்ணெய் யார் ஊத்தலை, லோடு யார் ஏத்தினதுன்னு பார்க்கணும் இல்லையா? எட்டு வயசுப் பிள்ளை ஃபேர்பிரைஸ்ல போய்ச் சாமான் வாங்கறதில்லை.

லோடு ஏத்துறதுல நம்ம கோவிலுக்கும் பங்கு இருக்கு. அதுக்குத்தான் இந்தப் பதிவே.

பிரசாதத்துல கை வைக்கிறேன்னு யாரும் கோபப்படாதீங்க. சர்க்கரைப் பொங்கல் சாமிக்குப் படைக்கிறது, அது இருக்கும், இருக்கணும். பிரசாதம்னா உள்ளங்கையில வாங்குற அளவு. என் சின்ன வயசுல அப்படித்தான் தேக்கா பக்கத்துக் கோவில்கள்ல வாங்கியிருக்கோம், ஒரு உருண்டை, நக்கி முடிச்சுக் கையைத் தலையில தடவிக்குவோம். இப்ப அதையே பெரிய பிளாஸ்டிக் டப்பாவுல நிரப்பி, கூட கேசரி ஒரு டப்பா, அதுக்கு மேல ஒரு பாக்கெட் தண்ணி. அது உபயம், விருந்து. சாமி பேரைச் சொல்லி விருந்தை நியாயப்படுத்த வேண்டாம்.

அந்தப் பாக்கெட் தண்ணிதான் எனக்குப் பெரிய வருத்தம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 250 மில்லி பாக்கெட், 100 மில்லிக்கு 8 கிராம் சர்க்கரைன்னா மொத்தம் 20 கிராம், 4 டீஸ்பூன். பிள்ளைங்களுக்கு ஒரு நாளைக்குச் சேர்த்த சர்க்கரை 25 கிராமுக்குள்ள இருக்கணும்னு அமெரிக்க இருதய சங்கம் சொல்லுது. ஒரு பாக்கெட்லயே முக்கால்வாசி முடிஞ்சது. தைப்பூசத்தன்னிக்குச் சிராங்கூன் ரோட்டுலருந்து டேங்க் ரோடு வரைக்கும் காவடி கூட நடக்கிற பிள்ளை எத்தனை பாக்கெட் குடிக்குதுன்னு பந்தல்ல நின்னவங்களுக்குத் தெரியும். நாலுன்னு வெச்சுக்கிட்டாலும் 16 டீஸ்பூன். அதே 16 டீஸ்பூனை ஒரு கிண்ணத்துல போட்டுப் பிள்ளை கையில கொடுத்தா எந்த அம்மாவாவது சும்மா இருப்பாங்களா?

அரசாங்கம் தன் பங்கைச் செய்யலைன்னு சொல்ல முடியாது. 2022 டிசம்பர் 30 முதல் பாக்கெட், டின் பானங்களுக்கு நியூட்ரி-கிரேட் எழுத்து வந்தாச்சு. ஏ, பி, சி, டி. 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல சர்க்கரைன்னா சி, 10 கிராமுக்கு மேல போனா டி. சி-யும் டி-யும் கண்டிப்பா எழுத்தை முன்பக்கம் போடணும், டி-க்கு விளம்பரமே பண்ணக் கூடாது. மறு வருஷம் கடையில கலக்கித் தர்ற பானங்களுக்கும் வந்துச்சு. கம்பெனிகளும் சர்க்கரையைக் குறைச்சுக்கிட்டு வர்றாங்க. ஆனா உபயதாரர் மொத்தமா வாங்கும்போது எழுத்தைப் பார்க்கிறதில்லை, எது ஆஃபர்ல இருக்குன்னுதான் பார்க்கிறார். புண்ணியத்துக்குக் கொடுக்கிறது தள்ளுபடியில வந்த சர்க்கரைத் தண்ணியா இருக்கணுமா?

தண்ணீர்ப் பந்தல்னு நம்ம முன்னோர் பேர் வெச்சிருக்காங்க. தண்ணீர் கொடுத்தாப் போதும். கூட நீர்மோர், உப்பு, கறிவேப்பிலை, கொஞ்சம் இஞ்சி தட்டிப் போட்டது. சிலர் பானகம் வைக்கலாமேன்னு கேட்டாங்க. ஆசைதான், ஆனா வெல்லமும் சர்க்கரைதான், நிறம் மட்டும் வேற. ஒரு சின்னக் கோப்பை சாமி பேருக்குக் கொடுக்கலாம், அண்டா அண்டாவா வேண்டாம்.

இன்னொரு நம்பிக்கையையும் சொல்லிடறேன். "நாங்க சைவம், எங்களுக்கு ஒண்ணும் வராது." அன்பர்களே, வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்கு, அப்பளம், வடை, பாயசம் எல்லாமே சைவம்தான். தைப்பூச விரதத்துல எடை கூடுன பெரியவங்களை எனக்குத் தெரியும் (பேர் சொல்ல மாட்டேன், அவரே படிச்சுட்டு போன் பண்ணுவார்). தட்டுல கீரை, காய், பருப்பு பாதிக்கு மேல இருந்தாத்தான் சைவத்துக்குப் பலன். எடை குறையட்டும்னு பிள்ளையைப் பட்டினி விரதம் இருக்கச் சொல்றதும் தப்பு. வளர்ற பிள்ளை. டாக்டர்கள் பெரும்பாலும் சொல்றது என்னன்னா, சின்னப் பிள்ளைக்கு எடையைக் குறைக்கப் பாடுபடுறதை விட, ஏறாம நிறுத்தி வெச்சா உயரம் வளர வளரச் சரியாயிடும். ஆனா அது டாக்டர் பார்த்துச் சொல்லணும், வாட்ஸ்அப் சொல்லக் கூடாது.

வீட்டு நிலைமை எனக்குத் தெரியாததில்லை. அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட், அம்மாவுக்கு வேலை, பிள்ளை பாட்டிகிட்ட. பாட்டி பசியைப் பார்த்த தலைமுறை. எங்க காலத்துல ஒல்லிப் பிள்ளைங்களுக்குப் பள்ளியில பால் கொடுத்தாங்க, சாக்கடை ஓரமா வரிசையில உட்கார வெச்சுப் பல் தேய்க்கச் சொன்னாங்க. அப்ப கொழுகொழு பிள்ளைன்னா நல்லா இருக்கிற வீடு. அந்தப் பாட்டிகிட்ட போய் "அத்தை, சோறு போடாதீங்க"ன்னு மருமகள் சொன்னா சண்டைதான் வரும். "அத்தை, தண்ணி மட்டும் கொடுங்க, பாக்கெட் வேண்டாம்"னு ஒண்ணை மட்டும் கேட்டுப் பாருங்க. ஒண்ணுதான், ஆனா தினமும். கூடவே தூக்கம். பள்ளிப் பிள்ளைக்கு ராத்திரி ஒன்பது மணி நேரமாவது தூக்கம் வேணும், தூக்கம் குறைஞ்சாப் பசி கூடும். பதினோரு மணி வரைக்கும் போன் கையில இருந்தா அது எங்க தூங்கும்?

ஓட்டம். ஒரு நாளைக்கு 60 நிமிஷம் ஓடியாடணும்னு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லுது. புளோக்குக்குக் கீழே பந்து விளையாடக் கூடாதுன்னு பலகை மாட்டியிருக்கிற ஊர்ல அது கஷ்டம்தான், ஒத்துக்கிறேன். ஆனா ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பு முடிஞ்சதும் பிள்ளைங்க மண்டபத்துல உட்கார்ந்து போன் பார்க்கிறாங்க, பெரியவங்க பேசி முடிக்கிற வரைக்கும். அந்த முக்கால் மணி நேரத்தை என்கிட்ட கொடுங்க. பக்கத்துத் திடலுக்குக் கூட்டிப் போறோம். சடுகுடு, பந்து, கயிறு தாண்டுறது. எல்லாப் பிள்ளைங்களும் வரணும், ஒல்லி, குண்டு பிரிவே கிடையாது. ரெண்டு இளைஞர்கள் ஏற்கனவே ஒத்துக்கிட்டாங்க, இன்னும் ரெண்டு பேர் தேவை. ஒரு அக்காவாவது இருந்தாப் பெண் பிள்ளைங்களும் தயங்காம வருவாங்க.

பள்ளியில வருஷா வருஷம் எடை, உயரம் பார்க்கிறாங்க. மாணவர் சுகாதார நிலையத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தா, பிள்ளை பையிலயே கசங்கிக் கிடக்க விடாதீங்க, தேதியில போங்க. கேகே மருத்துவமனையில இதுக்குன்னே தனி கிளினிக் இருக்கு, பாலிகிளினிக் டாக்டர் எழுதிக் கொடுத்தாப் போகலாம். 2025 ஜனவரியில தொடங்கின குரோ வெல் எஸ்ஜி திட்டத்துல தொடக்கநிலை 1 முதல் 3 வரை உள்ள பிள்ளைங்களுக்குச் சாப்பாடு, தூக்கம், திரை நேரம், ஓட்டம் எல்லாம் சேர்த்து எழுதித் தர்றாங்க. அந்தத் தாளைக் குளிர்பெட்டிக் கதவுல ஒட்டுங்க.

அடுத்த தைப்பூசப் பந்தலுக்குப் பானம் உபயம் பண்ண நினைச்சிருக்கிறவங்க, வாங்குறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க. மோருக்குத் தயிர், தண்ணீர் போத்தல், பேப்பர் கோப்பை இதுக்கெல்லாம் என்ன செலவாகும்னு கணக்குப் போட்டு வெச்சிருக்கேன், பாக்கெட்டை விட அதிகம் ஆகலை. ஏற்கனவே வாங்கிட்டவங்க பெட்டியில என்ன எழுத்து போட்டிருக்குன்னு மட்டும் பாருங்க. ஏ, பி-ன்னா கொண்டு வாங்க. சி, டி-ன்னா கடையில மாத்திக் கேளுங்க, பெட்டியைப் பிரிக்காம இருந்தா மாத்திக் கொடுக்கிற கடை தேக்காவுல உண்டு.